மூன்று லட்சம் கிலோமீட்டர் உண்மை

சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. குடிநீர் அலுவலகத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிறவருக்கு 'ரீடிங்' என்ற பெயர்தான் ஒட்டிக்கொண்டது.

மீட்டர் பார்ப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. குனிந்து மூடியைத் திறப்பார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைப்பார். டார்ச் அடித்து ஒரு தடவை பார்ப்பார். பிறகு நடுவிரல் முட்டியால் கண்ணாடியில் 'டொக் டொக்' என்று இரண்டு தட்டு. சிக்கிக் கிடந்த முள் விடுபட்டு உண்மையைச் சொல்லும். அப்புறம்தான் எழுதுவார். தட்டாமல் எழுதிய ரீடிங் ரீடிங்கே இல்லை என்பது அவர் கட்சி.

இந்த இருபத்திரண்டு வருடத்தில் அவர் கேட்காத பொய் கிடையாது. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நாயைக் கட்டிவைத்துவிட்டு "அது ஒண்ணும் பண்ணாது சார், ஆனா ஆளைப் பிடிக்காது" என்பார்கள். பெட்டிமேல் அம்மிக்கல் கனத்தில் ஒரு பூந்தொட்டியை வைத்துவிட்டு இடுப்பு வலி என்பார்கள். "மூணு மாசமா வீடு பூட்டியே கிடந்துச்சு" என்று ஒருவர் சத்தியம் பண்ணும்போதே, மாடிக் கொடியில் காயப்போட்டிருந்த ஈரத் துண்டிலிருந்து ரீடிங்கின் வழுக்கையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. அவர் தலையைத் துடைத்துக்கொண்டு எழுதினார்.

தவறிப்போய் மீட்டரே பொய் சொல்வதும் உண்டு. தனியாக இருந்த ஒரு வயதான தையல்காரர் வீட்டில் ஒரே மாதத்தில் ஒரு லட்சம் லிட்டர் காட்டியது. ரீடிங் உள்ளே போய்ப் பார்த்தார். ஒரு குளியலறை, ஒரு வாளி, ஒரு குவளை. வெளியே வந்து 'மீட்டர் பழுது' என்று எழுதிவிட்டார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மனைவியிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பத்தொன்பது வருட நர்ஸ். சாப்பிடும்போது பேசினால் புரை ஏறும் என்று மட்டும் சொன்னாள்.

அந்த மனைவிக்குத்தான் இந்த வருடம் பதவி உயர்வு வந்தது. ஹெட் நர்ஸ். உத்தரவுக் கடிதத்தை வீட்டில் மூன்று தடவை சத்தமாகப் படித்தார்கள். மூன்றாவது தடவைதான் சந்தோஷம் கொஞ்சம் தணிந்து, நுணுக்கி அடித்திருந்த வரிகள் கண்ணில் பட்டன. வேலை இங்கே இல்லை, நாற்பத்தாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஆஸ்பத்திரியில். அடுத்த மாதம் முதல் தேதி, திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் உத்தரவு ரத்து. பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

அடுத்த பெயர் அதே வார்டில், அடுத்த மேஜையில் இருந்தது. அந்த அம்மா வாரத்துக்கு ஒரு தடவை வந்து தோளைத் தொட்டு, "அவ்வளவு தூரம் உன்னால முடியுமா? உடம்பு என்னத்துக்கு ஆகும்? எனக்கு உன்னை நினைச்சாதான் கவலை" என்று உருகினாள். ஹெட் நர்ஸ் போடுகிற பட்டைவைத்த சட்டைக்கு அவள் ஏற்கெனவே அளவு கொடுத்துவிட்டாள் என்று ஆயா மூலம் சேதி வந்தது.

முதல் பஸ் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு எட்டு நாற்பதுக்குத்தான் அங்கே போகும். ஆஸ்பத்திரியில் தங்க இடம் தருகிறார்கள். ஒரு அறைக்கு மூன்று பேர், ஒரு ஜன்னல், அதுவும் திறக்காது.

"பத்தொன்பது வருஷமா பாதி ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சுலதான் தலையைச் சாய்ச்சேன்" என்றாள் மனைவி. "இனிமேலாவது என் வீட்டுல என் தலையணையில தூங்கணும். இல்லன்னா இந்தப் பதவியே வேண்டாம்ங்க. அவளே போகட்டும்."

'அவளே போகட்டும்' என்று அவள் சொன்ன விதத்தைக் கேட்டு ரீடிங் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

"நான் கொண்டுபோய் விடறேன்" என்றார். "எனக்குப் பத்து மணிக்குத்தானே வேலை? கார் வாங்கிடுவோம்."

கார் என்ற சொல் வாயிலிருந்து விழுந்த அரை மணி நேரத்தில் மச்சான் வந்து நின்றான். மனைவியின் தம்பி, புதுக் கார் ஷோரூமில் விற்பனைப் பிரிவு. எந்த வீட்டில் கார் பேச்சு எடுத்தாலும் அவனுக்கு மூக்கில் வியர்த்துவிடும். அக்காவையும் ஒரு காலத்தில் ஷோரூம் வண்டியில் உட்காரவைத்து ஓட்டப் பழக்கி லைசென்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தான். அது பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் புதிதாகவே கிடந்தது.

"மாமா, புதுசு எடுங்க. தவணை போட்டுக்கலாம்."

"வேண்டாம் மாப்ள. பழசு பார்க்கறேன்."

"பழசா?" மச்சான் ஏதோ கெட்ட சேதி கேட்டதுபோல நாற்காலியில் உட்கார்ந்தான். "சரி, என்ன பழசுன்னு என்கிட்ட காட்டிட்டு வாங்குங்க."

ரீடிங் காட்டவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் போய் ஐந்து கார்களைப் பார்த்தார். ஐந்தும் நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியவை. ஒன்று நாற்பத்தோராயிரம், அதற்கு அந்தப் புரோக்கர் மன்னிப்பே கேட்டார். ரீடிங் குனிந்து பிரேக் மிதியைப் பார்த்தார். ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளத்தது.

"நாற்பதாயிரத்துல மிதி இப்படித் தேயணும்னா, இந்தக் காரை ஓட்டினவர் உள்ளேயே நடந்துதான் போயிருக்கணும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

ஆறாவதாகப் பார்த்ததுதான் அந்த இத்தாலி கார். ஓய்வுபெற்ற ஒரு பள்ளி இன்ஸ்பெக்டர் அம்மாள் வைத்திருந்தார். பழுத்த மிளகாய் நிறம், நான்கு கதவு, பதினெட்டு வயது. ரீடிங் நேராக உள்ளே தலையை விட்டார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். டார்ச் அடித்தார். இரண்டு தட்டு தட்டினார்.

3,12,406.

கண்ணாடியை மறுபடி துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

"அம்மா, இதை யாரும் குறைச்சு வைக்கச் சொல்லலையா?"

"ஒரு புரோக்கர் வந்தான். எண்பதாயிரமா ஆக்கித் தரேன், நல்ல விலை போகும்னான். அப்போ மிச்சம் ரெண்டு லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டர் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா போனது உங்க தாத்தாவாடான்னு கேட்டேன். போயிட்டான்."

அப்போதே ரீடிங் மனசுக்குள் விலை பேசி முடித்துவிட்டார். அம்மாள் விடவில்லை. ஒரு நோட்டை எடுத்துவந்து, பரீட்சைத் தாள் திருத்துகிற குரலில் குறைகளை வாசித்தார்.

"பின்பக்கம் இடது கண்ணாடி இறங்கும், ஏறாது. வைப்பர் மழை இல்லாத நாள்ல ரொம்ப நல்லா வேலை செய்யும். ஸ்டீயரிங்கை முழுசா வலது பக்கம் ஒடிச்சா ஹார்ன் தானா அடிக்கும். டிக்கியைத் திறக்க ஒரு ஆள் உள்ளேயிருந்து உதைக்கணும். கிளட்ச் ரெண்டு தடவை மாத்தியாச்சு, டைமிங் பெல்ட் மூணு தடவை. தேதி எல்லாம் இதுலயே இருக்கு. இன்னும் வேணுமா?"

"போதும்மா. எடுத்துக்கறேன்."

இன்ஸ்பெக்டர் அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, நான் சொன்னதெல்லாம் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா. அதனாலதான்."

விலை ஒரு புது ஸ்கூட்டர் அளவுகூட இல்லை. சாவியைக் கொடுக்கும்போது அம்மாள் லேசாகச் சிரித்தார். ஏன் சிரிக்கிறீர்கள் என்று ரீடிங் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல தம்பி, பத்திரமா போங்க" என்று சொல்லிவிட்டு வேகமாகக் கதவைச் சாத்திக்கொண்டார். மனசு மாறிவிடுவாரோ என்று இரண்டு பேருக்குமே பயம் இருந்தது.

வீட்டு வாசலில் கார் நின்றதும் மனைவி வெளியே வந்தாள். புது நோயாளியைச் சுற்றிவருவதுபோல ஒரு சுற்று வந்தாள்.

"வயசு?"

"பதினெட்டு."

"முன்னாடி ஏதாவது ஆபரேஷன்?"

ரீடிங் நோட்டை நீட்டினார். அவள் அங்கேயே நின்று முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தாள்.

"நல்லா வெச்சுப் பார்த்துக்கிட்டிருக்காங்க" என்றாள். "ஆனா வயசான கேஸ். எப்போ என்ன ஆகும்னு சொல்ல முடியாது."

மச்சான் வந்தான். காரைப் பார்த்தான். மீட்டரைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான்.

"மாமா, பழைய கார் வாங்கலாம். இத்தாலி காரும் வாங்கலாம். ரெண்டையும் ஒரே கார்லயா வாங்குவாங்க?"

"மூணு லட்சம் ஓடியிருக்கு மாப்ள. கெட்ட காரா இருந்தா இவ்வளவு தூரம் ஓடியிருக்குமா?"

"பூமியை ஏழு தடவை சுத்தியிருக்கு மாமா! இனிமே அதுக்கு எங்க போக ஆசையிருக்கும்?"

"உண்மையைச் சொல்ற காருடா இது."

"உண்மையை வெச்சு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. பெட்ரோல் போட்டு, இன்ஜின் ஓடினாத்தான் போக முடியும்."

முதல் தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஞாயிறு காலை ஒரு வெள்ளோட்டம் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. ரீடிங் ஓட்டினார், பக்கத்தில் மனைவி, பின்னால் ஏறாத கண்ணாடிக்குப் பக்கத்தில் மச்சான், தலைமுடி நட்டுக்கொண்டு. முதல் பதினைந்து கிலோமீட்டர் கார் குழந்தைபோலப் போனது. ஒரு மேட்டில் ஏறும்போது குரல் எடுத்துப் பாடியதுபோல ஒரு சத்தம். ரீடிங் பெருமையாகத் திரும்பி மச்சானைப் பார்த்தார். மச்சான் வாயில் காற்று அடைத்திருந்ததால் அவனால் எதுவும் சொல்ல முடியவில்லை.

பதினாறாவது கிலோமீட்டரில் சூடு காட்டுகிற முள் பாதியைத் தாண்டி மெதுவாக ஏற ஆரம்பித்தது. ரீடிங் பார்த்தார். பழக்கமான கை தானாக நீண்டது. டொக் டொக். முள் மளமளவென்று இறங்கியது.

"சிக்கிக்கிச்சு" என்றார்.

மறுபடி ஏறியது. டொக் டொக். இறங்கியது. மறுபடி ஏறியது. டொக் டொக். இருபத்திரண்டாவது கிலோமீட்டரில் கார் தட்டுக்குக் காத்திருக்கவில்லை. முன்னாலிருந்து 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு. வெள்ளையாக ஆவி கிளம்பி எதிரே இருந்த சாலையையே மறைத்துவிட்டது.

"மாமா" என்றான் மச்சான், முதல் தடவையாகக் காற்று நின்ற அமைதியில். "தட்டிப் பாருங்களேன்."

கயிறு கட்டி இழுத்துக்கொண்டுபோய் ஒர்க்ஷாப்பில் விட்டார்கள். ஒர்க்ஷாப்காரர் ஐம்பது வயது மனிதர். எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருப்பார், கை சுத்தமாகி யாரும் பார்த்ததில்லை. பானெட்டைத் திறந்து, கிழிந்த ஒரு ரப்பர் குழாயை வெளியே எடுத்துக் காட்டினார்.

"தண்ணி பூரா வெளிய போயிருக்கு. முள்ளு ஏறலையா?"

"ஏறுச்சு. தட்டினேன். இறங்கிடுச்சு."

ஒர்க்ஷாப்காரர் துடைப்பதை நிறுத்தினார். "முள்ளைத் தட்டினா முள்ளுதான் இறங்கும். சூடு எப்படிங்க இறங்கும்? நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"வாட்டர் மீட்டர் ரீடிங் எடுக்கறேன்."

"ஓ. எங்க வீட்டு மீட்டரையும் இப்படித் தட்டுவீங்களா?"

"எல்லா மீட்டரையும் தட்டுவேன்."

"அதான் பில்லு அப்படி வருது" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

ரீடிங் அவமானத்தை விழுங்கிக்கொண்டு கேட்டார்: "சொல்லுங்க, இந்தக் காரை நான் வாங்கினது தப்பா?"

"இந்த மாதிரிக் காரை வாங்கறதுல ஒரு தப்பும் இல்லீங்க. வாங்கி நிறுத்திவெச்சா அழகா இருக்கும். ஓட்டறதுலதான் சிக்கல்." அப்புறம் ஆளின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, "இன்ஜின் நல்லா இருக்குங்க. வெச்சிருந்தவங்க ஆயில் மாத்தறதுல ஒரு நாள் தவறலை. குழாயை மாத்தி, சூடு காட்டற சென்ஸாரையும் மாத்திடறேன். சென்ஸார் புதுசு கிடைக்க நாளாகும். வேற வண்டியில கழட்டினது ஒண்ணு இருக்கு, போட்டுப் பார்க்கலாம்" என்றார்.

குழாய் வர பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளும் அடுத்த மேஜை அம்மா தவறாமல் நலம் விசாரித்தாள். "கார் நடுரோட்டுல நின்னுடுச்சாமே? ஆவி வந்துச்சாமே? எனக்குக் கேட்டதும் பகீர்னு ஆயிடுச்சு." அவளுடைய சட்டை தைத்து வந்துவிட்டது என்றாள் ஆயா. ரீடிங்கின் வேலையிலும் ஒரு மாறுதல் தெரிந்தது. மீட்டர் முன்னால் குனிவார், கை நீளும், பாதியில் நிற்கும், தட்டாமலே எழுதிவிட்டு எழுந்துவிடுவார். நாய்களுக்கேகூட அவர்மேல் பரிதாபம் வந்துவிட்டது.

சனிக்கிழமை மாலை கார் வீட்டுக்கு வந்தது. மச்சான் கடைசியாக ஒரு தடவை ஷோரூம் வண்டி ஒன்றை இரவல் கேட்டுப் பார்த்தான். திங்கட்கிழமை அங்கே கணக்கெடுப்பு, ஒரு வண்டியும் வெளியே போகாது என்று மேலாளர் கையை விரித்துவிட்டார்.

"அக்கா, ஞாயித்துக்கிழமையே போய் அந்த மூணு பேர் ரூம்ல ஒரு ராத்திரி படுத்துக்கோயேன். காலையில கையெழுத்துப் போட்டுடலாம்."

மனைவி ரீடிங்கைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"வேண்டாம்" என்றாள். "முதல் நாளே அங்க படுத்தா அப்புறம் அங்கதான் படுக்கணும். கார்லயே போறேன்."

ரீடிங் திருந்தின மனுஷன். இனிமேல் முள் சொல்வதே சட்டம் என்று தீர்மானம் பண்ணிக்கொண்டார். பாதியைத் தாண்டினால் வண்டியை நிறுத்த வேண்டியது, பேச்சே கிடையாது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். மனைவி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை கசங்காமல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் உத்தரவுக் கடிதம். ரீடிங்கின் ஒரு கண் சாலையில், மற்றது முள்ளில். முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. சைக்கிளில் பால்கேன் கட்டிக்கொண்டு வந்த ஒருவர் கொஞ்ச தூரம் கூடவே வந்து, விசாரித்துவிட்டு, முந்திக்கொண்டு போனார்.

இருபத்தைந்தாவது கிலோமீட்டர். ஆறு மணி ஐம்பத்தெட்டு நிமிடம். பாதியில் நின்றிருந்த முள் படக்கென்று தாவி, சிவப்புக்கோட்டின் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டது.

ரீடிங் ஓரம்கட்டி நிறுத்தினார். சாவியைத் திருப்பினார். இரண்டு பக்கமும் வெட்டவெளி. ஒரு கடை இல்லை, ஒரு ஆள் இல்லை. பஸ் எங்கேயோ பின்னால் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும்.

"என்னங்க?"

"முள்ளு."

"தட்டினீங்களா?"

"தட்ட மாட்டேன்" என்றார் அவர். "ஒரு மணி நேரம் ஆற விடணும். ஒர்க்ஷாப்காரர் சொல்லியிருக்கார்."

ஒரு மணி நேரம் என்றால் எட்டு மணி இந்த இடத்திலேயே அடித்துவிடும். இரண்டு பேருக்கும் கணக்குத் தெரியும். ரீடிங் இறங்கிப்போய்ப் பானெட்டைத் திறந்து கம்பியை முட்டுக் கொடுத்துவிட்டு, உள்ளே பார்க்காமல் வயல் பக்கம் திரும்பி நின்றார்.

"நீ அந்த ரூமை எடுத்துக்கிட்டிருக்கலாம்மா. உன் தம்பி சொன்னான். எல்லாரும் சொன்னாங்க. உண்மையைச் சொல்ற கார்னு நான்தான் பெருசா வாங்கிக்கிட்டு வந்து... பத்தொன்பது வருஷம் உழைச்சு வாங்கினதை நடுரோட்டுல கொட்டிட்டேன்."

மனைவி இறங்கிவந்தாள். அழுகிறவரைத் தேற்றுவது அவள் வேலையில் இரண்டாவதாக வரும். முதலில் நோயாளி. மோப்பம் பிடித்தாள். குனிந்து கீழே பார்த்தாள். தரையில் ஒரு சொட்டு இல்லை. தண்ணீர் ஊற்றிவைக்கிற வெள்ளை டப்பாவைப் பார்த்தாள், கோடுவரைக்கும் இருந்தது. புறங்கையைப் புதுக் குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், நெற்றியைத் தொடுவதுபோலத் தொட்டும் தொடாமலும் வைத்து எடுத்தாள்.

"முள்ளு எப்படி ஏறிச்சு?"

"ஏறிச்சு."

"எப்படின்னு கேக்கறேன். மெதுவாவா, சட்டுனா?"

"சட்டுனு. ஒரே தாவு."

"போன தடவை?"

"போன தடவை கொஞ்சம் கொஞ்சமா..." அவர் திரும்பினார்.

"எந்தக் காய்ச்சலும் ஒரே நொடியில நூத்தஞ்சுக்குப் போகாதுங்க. காட்டுச்சுன்னா தெர்மாமீட்டருக்குத்தான் உடம்பு சரியில்லை."

"இல்லம்மா, மீட்டர் காட்டறப்போ நாம..."

"அந்தத் தையல்காரர் வீட்டுல ஒரு லட்சம் லிட்டர் காட்டுச்சே, என்ன எழுதினீங்க?"

"மீட்டர் பழுதுன்னு எழுதினேன்."

"ஏன்?"

"ஒரு ஆள், ஒரு வாளி. ஒரு லட்சம் லிட்டர்ல அவர் கப்பலா விட்டார்?"

"அப்போ மீட்டரை மட்டும் பார்த்தீங்களா, வீட்டையும் பார்த்தீங்களா?"

ரீடிங் பானெட்டுக்குள் முதல் தடவையாகத் தலையை விட்டுப் பார்த்தார். புகை இல்லை. ஆவி இல்லை. இன்ஜின் சாதாரணமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வேறு வண்டியில் கழற்றிய சென்ஸார் மட்டும் புதுக் குழாய்க்குப் பக்கத்தில் அழுக்காக, எதுவும் தெரியாத பாவனையில் உட்கார்ந்திருந்தது.

"பழுது" என்றார் மெதுவாக. பழைய குரல் திரும்பியிருந்தது. "இந்த மீட்டர் பழுது."

மணி ஏழு அடித்து ஏழு நிமிடம். மனைவி கைப்பையைத் திறந்து பிளாஸ்டர் சுருளை எடுத்தாள். பல்லால் ஒரு துண்டைக் கிழித்து, முள்ளுக்கு மேலே கண்ணாடியில் பட்டென்று ஒட்டினாள்.

"இனிமே அந்தப் பக்கம் பார்க்காதீங்க. ஓட்டுங்க."

அவர் ஓட்டினார். அரை கிலோமீட்டர்கூட ஆகவில்லை. கண் பிளாஸ்டருக்கே போனது. கால் தானாக வேகத்தைக் குறைத்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒரு கை பிளாஸ்டரின் ஓரத்தை நிரடியது.

"நிறுத்துங்க" என்றாள் மனைவி. "இறங்கி இந்தப் பக்கம் வாங்க."

"நீயா?"

"லைசென்ஸ் எடுத்து பதினோரு வருஷம் ஆச்சு. பீரோ வாசனை போகவாவது ஒரு தடவை ஓட்டறேன்."

அவள் உட்கார்ந்து இருக்கையை முன்னுக்கு இழுத்தாள். முதல் கியரில் கார் இரண்டு தடவை துள்ளியது. மூன்றாவது தடவை துள்ள அதற்குத் தைரியம் வரவில்லை. வார்டில் பத்தொன்பது வருடமாக முரண்டு பிடித்தவர்களுக்கு ஊசி போட்ட கை அது.

"எனக்கு என்ன வேலை?" என்றார் ரீடிங்.

"புகை வந்தா சொல்லுங்க."

ஒரு நிமிடம் கழித்து, "வரலை" என்றார்.

"வந்தா மட்டும் சொல்லுங்க."

"சரி." இன்னொரு நிமிடம். "இப்பவும் வரலை."

ஏழு ஐம்பத்து மூன்றுக்கு ஆஸ்பத்திரி தெரிந்தது. வாசலில் பெரிய பலகை: 'அமைதி காக்கவும்'. நுழைவாயில் வலது கைப்பக்கம், குறுகலான வளைவு. மனைவி ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தாள். இன்ஸ்பெக்டர் அம்மாள் நோட்டில் எழுதிவைத்திருந்த ஹார்ன் ஒரு வார்த்தை தவறாமல் அடிக்க ஆரம்பித்தது. மூன்று மாடியிலும் ஜன்னல்கள் திறந்தன. இவ்வளவு சத்தமாக வருகிறவர் பெரிய அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று காவலாளி ஓடிவந்து கதவை அகலத் திறந்து சல்யூட் அடித்தார்.

"நேரா போங்க மேடம்!"

நேராகத் திருப்பியதும் ஹார்ன் நின்றது. ஏழு ஐம்பத்தேழுக்கு மனைவி பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கொஞ்சமும் நடுங்கவில்லை. வெளியே காரில் உட்கார்ந்திருந்த ரீடிங் இன்னும் புகை வருகிறதா என்று பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பிவந்து ஜன்னலில் குனிந்தாள். "போட்டாச்சு. நீங்க கிளம்புங்க, பத்து மணிக்கு வேலையில்ல?"

ரீடிங் ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தார். பிளாஸ்டரைப் பார்த்தார். தனியாக, அந்த பிளாஸ்டரோடு, நாற்பத்தாறு கிலோமீட்டர்.

"சாவி உன்கிட்டயே இருக்கட்டும்மா" என்றார். "சாயங்காலம் நீயே ஓட்டிக்கிட்டு வந்துடு. நான் பஸ்ல போறேன்."

எட்டு நாற்பது பஸ் எட்டு ஐம்பதுக்கு வந்தது. அன்று அவர் வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதம். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தாமதம். குனிந்து, துடைத்து, டார்ச் அடித்து, முதல் மீட்டரை டொக் டொக் என்று தட்டினார். பிறகு நிமிர்ந்து அந்த வீட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதினார்.

அன்றிலிருந்து காரை மனைவிதான் ஓட்டுகிறாள். ஒர்க்ஷாப்காரர் சரியான சென்ஸார் வரவழைத்து மாட்டிவிட்டார், பிளாஸ்டர் போய்விட்டது. வலது பக்கம் திரும்பினால் அடிக்கிற ஹார்னை மட்டும் சரிபண்ண வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். அது கேட்டதும் வார்டில் எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போய்விடுகிறார்களாம். அடுத்த மேஜை அம்மா ஒரு நாள் போனில், "கார் எப்படி இருக்கு?" என்று உருகினாள். "நல்லா இருக்கு. உங்க புதுச் சட்டை எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு மனைவி போனை வைத்தாள்.

ரீடிங்குக்கும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. சாயங்காலம் கார் வந்து நின்றதும் கைக்குட்டையும் டார்ச்சுமாகப் போய், இன்ஸ்பெக்டர் அம்மாளின் நோட்டில் அன்றைய ரீடிங்கை எழுதுவார். மூன்று லட்சத்து இருபதாயிரம் தாண்டிவிட்டது. அந்த ஒரு கண்ணாடியை மட்டும் அவர் தட்டுவதே இல்லை.

ஊரில் விஷயம் பரவி, இப்போது மீட்டர் பார்க்கப் போகிற இடத்தில் எல்லாம் நிறுத்திக் கேட்கிறார்கள். நாயைக் கட்டி வைத்தவர்களே நாயைப் பிடித்துக்கொண்டு வந்து கேட்கிறார்கள். "சார், ஒரு இத்தாலி கார் சல்லிசா வருது. ரெண்டே முக்கால் லட்சம் ஓடியிருக்கு. வாங்கலாமா?"

ரீடிங் மூடியைச் சாத்திவிட்டு எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, நிதானமாகக் கேட்பார்:

"வீட்டுல நர்ஸ் இருக்காங்களா?"